குடும்ப நாள்

குடும்ப நாள் என்பது சில நாடுகளிலும் மாகாணங்களிலும் சட்டப்படி அமைந்த பொது விடுமுறை. உலகம் முழுவதற்கும் பொதுவான தேதி இதற்குக் கிடையாது. உருகுவே, மொசாம்பிக் நாடுகளில் டிசம்பர் 25. நமீபியாவிலும் வனுவாட்டுவிலும் டிசம்பர் 26. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர் ஞாயிறுக்கு மறுநாள். கனடாவின் சில மாகாணங்களில் பிப்ரவரி மூன்றாம் திங்கள். இந்தப் பட்டியலில் கனடாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மற்றவை எல்லாமே கிறித்தவப் பண்டிகைகளை ஒட்டிய தேதிகள். ஏற்கெனவே இருந்த விடுமுறையைப் பறிக்க முடியாத அரசு, அதன் பெயரை மட்டும் மாற்ற நினைக்கும்போது, யாரும் மறுப்புச் சொல்லாத ஒரு பெயர் தேவைப்படுகிறது. அந்த இடத்துக்குக் ‘குடும்பம்’ பல முறை வந்திருக்கிறது.

இந்த வழக்கத்தின் பழைய உதாரணம் உருகுவே. 1903 முதல் 1907 வரையும், 1911 முதல் 1915 வரையும் அங்கு அதிபராக இருந்த ஹோசே பட்லே இ ஓர்டோனியெஸ், திருச்சபையின் பிடியிலிருந்து அரசை விடுவிப்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1906இல் அரசு மருத்துவமனைச் சுவர்களிலிருந்த சிலுவைகள் இறக்கப்பட்டன. அவர் நடத்திய ‘எல் தியா’ நாளிதழ் கடவுள் என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கி அச்சிட்டது. (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இந்தக் குறும்பைச் செய்து காட்ட வழியில்லை.) 1919 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்த புதிய அரசியலமைப்பு, அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதிச் சட்டம் விடுமுறைப் பட்டியலையே திருத்தி எழுதியது.

கிறிஸ்துமஸ் ‘குடும்ப நாள்’ ஆனது. மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 ‘குழந்தைகள் நாள்’ ஆனது. புனித வாரம் ‘சுற்றுலா வாரம்’ ஆனது. மாதாவின் அமல உற்பவத் திருநாளான டிசம்பர் 8க்குக் கிடைத்த பெயர் ‘கடற்கரை நாள்’. தென் அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைக்காலம் என்பதால், கேலி போலத் தெரியும் இந்தப் பெயரிலும் ஒரு நியாயம் உண்டு. கிறிஸ்துமஸைக் குடும்பத்தின் பெயருக்கு மாற்றிய இதே அரசியல் அணிதான் 1907இல் விவாகரத்துச் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1913இல், மனைவி தன் விருப்பத்தை மட்டும் சொல்லியே மணவிலக்குப் பெறலாம் என்று அதை விரிவாக்கியது. குடும்பம் என்றால் கட்டிப்போடும் கயிறு என்று அவர்கள் நினைக்கவில்லை.

சட்டம் வைத்த பெயர்களில் எது நிலைத்தது என்று பார்ப்பது சுவையானது. டிசம்பர் 24ஆம் தேதி இரவு தலைநகர் மொண்டேவீடியோவின் வீட்டு முற்றங்களில் விறகை ஒரு பக்கம் எரியவிட்டு, கங்குகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கம்பித் தட்டின் அடியில் பரப்பி, மாட்டு விலாக்கறியை நிதானமாக வாட்டுவார்கள். தீ நாக்கு இறைச்சியைத் தொடக் கூடாது. நள்ளிரவில் வாணவேடிக்கை. அப்போது ஒருவரையொருவர் வாழ்த்துவது பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்தைச் சொல்லித்தான். குடும்ப நாள் நாட்காட்டியோடு சரி. சுற்றுலா வாரத்தின் கதையே வேறு. அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. அந்த வாரத்தில் நாட்டைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம், தலைநகரின் பிராதோ பகுதியில் முரட்டுக் குதிரையேற்றம், பய்சாண்டு நகரில் பீர் திருவிழா என்று தனக்கென்று வேலை இருந்ததால் அது பிழைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருந்தது. புதுப் பெயருக்கு இடமில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர் திங்களைக் குடும்ப நாள் என்று மாற்றியது 1980இல், நிறவெறி அரசு. அதன் சட்டப்படி கறுப்பினத்தவர் ஒருவர் அனுமதியின்றி நகர்ப்பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க முடியாது. சுரங்கத் தொழிலாளி ஆண்கள் விடுதியில் கிடக்க, மனைவியும் பிள்ளைகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஊரில் இருந்தார்கள். நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்கள் 1986இல்தான் நீங்கின. குடும்பங்களைச் சட்டம் போட்டுப் பிரித்தவர்களே குடும்பத்துக்கென்று ஒரு நாளையும் ஒதுக்கியதை என்னவென்று சொல்வது! மக்களாட்சி வந்ததும் பல விடுமுறைகள் ஒழிந்தன, பெயர் மாறின. 1995 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் இந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டது. பெரிய வெள்ளி முதல் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை என்பதால் நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் போகிறார்கள். திங்களன்று, சாமான் வண்டியைப் பின்னால் கட்டிய மினிபஸ்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் வரிசை கட்டித் திரும்பும். பெயர் குடும்ப நாள்தான்; பலருக்கு அது குடும்பத்தை விட்டுக் கிளம்பும் நாள்.

டர்பன் பக்கத்துத் தமிழர்களுக்கு இந்த ஈஸ்டர் நாட்களோடு தனி உறவு உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குத் தோட்ட முதலாளி ஈஸ்டர் போன்ற நாட்களில் விடுப்புக் கொடுத்தபோதுதான் திருவிழா எடுக்க முடிந்தது. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் இன்றும் பெரும் கூட்டம் கூடுவது ஈஸ்டரில்.

கனடாவின் குடும்ப நாள் வேறு வகை: எதன் பெயரையும் மாற்றாமல், இல்லாத இடத்தில் உண்டாக்கிய விடுமுறை. புத்தாண்டு தாண்டினால் பெரிய வெள்ளி வரை, உறைபனிக்கு நடுவே, ஒரு விடுமுறையும் இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1990இல் ஆல்பர்ட்டா முதல்வர் டான் கெட்டி இதைக் கொண்டுவந்தார். ஒரு நாள் கூலி வீண் என்று முதலாளிகள் முனகினார்கள். ஈடாக ஆகஸ்டில் இருந்த மரபு நாள், கட்டாய விடுமுறை என்ற தகுதியை இழந்தது. 2007இல் சஸ்காட்சுவானும், டால்டன் மெக்கின்டியின் தேர்தல் வாக்குறுதிப்படி 2008இல் ஒன்டாரியோவும் பின்பற்றின. பிரிட்டிஷ் கொலம்பியா 2013இல் தொடங்கியபோது இரண்டாம் திங்களைத் தேர்ந்தது. ஆல்பர்ட்டாக்காரர்களும் அதே நாளில் பனிச்சறுக்கு மலைகளுக்குக் கிளம்பி வந்தால் நெரிசல் என்பது கணக்கு. 2019இல் மூன்றாம் திங்களுக்கே திரும்பியது. அதே திங்கள் மனிடோபாவில் மெட்டிஸ் பூர்வகுடித் தலைவர் லூயி ரியேல் பெயரிலும், பிரின்ஸ் எட்வர்டு தீவில் தீவார் நாளாகவும் வருகிறது. இது மாகாண விடுமுறை என்பதால் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பொருந்தாது. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் ஒரு தமிழ் வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அப்பாவுக்கும் விடுமுறை, அம்மா தபால்துறை என்றால் அவர் மட்டும் வேலைக்குப் போவார்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் குடும்ப, சமூக நாள் என்ற விடுமுறை 2007இல் பிறந்தது, அதுவும் நாடே குதிரைப் பந்தயம் பார்க்கும் மெல்பர்ன் கோப்பைச் செவ்வாயில். பிறகு தேதி மாறியது, 2017தான் கடைசி. மறு ஆண்டு அந்த இடத்தைப் பூர்வகுடிகளோடு நல்லிணக்கம் பேணும் நாள் எடுத்துக்கொண்டது.

விடுமுறை இல்லாத குடும்ப நாட்களும் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 1993இல் தீர்மானித்த மே 15 பெரும்பாலும் கருத்தரங்குகளோடு முடிகிறது. வியட்நாம் 2001 முதல் ஜூன் 28ஐயும், ரஷ்யா 2008 முதல் ஜூலை 8ஐயும் கொண்டாடுகின்றன. ரஷ்ய நாளின் பாதுகாவலர்கள் முரோம் நகரத்துப் புனிதத் தம்பதி பியோத்தரும் ஃபெவ்ரோனியாவும். சின்னம் கெமோமில் பூ. இஸ்ரேலில் யூத நாட்காட்டியின் ஷெவாட் மாதம் 30ஆம் நாள் முதலில் அன்னையர் நாளாக இருந்து, பின்னர் குடும்ப நாளாக மாறியது. அது ஹென்ரியெட்டா சோல்டின் நினைவு நாள். நாஜிகளின் பிடியிலிருந்து ஆயிரக்கணக்கான யூதச் சிறுவர்களை மீட்டுக் கொண்டுவந்து வளர்க்கும் பணியை நடத்தியவர் அவர். 1945இல் ஜெருசலேமில் இறந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை.