கன்ஃபெட்டி சுண்டெலி

ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களை நிறத்தைக் கொண்டு இனங்காண உதவும், மரபணு மாற்றப்பட்ட ஆய்வகச் சுண்டெலி. 2007இல் ஹார்வர்டில் நரம்பணுக்களுக்கு வண்ணமூட்டிய 'பிரெயின்போ' எலி இதன் முன்னோடி. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் குடல் குருத்தணுக்களை ஆராய 2010இல் கன்ஃபெட்டியை உருவாக்கினர். ஆனால் எதிர்ப்பொருள் தரும் பி செல்களின் பன்மையைக் கண்ணால் காண வைத்ததுதான் இதன் பெரிய பங்களிப்பு என்று சொல்லலாம்.

தடுப்பூசி போட்டதும் நிணநீர்க் கணுக்களில் முளைமையங்கள் தோன்றுகின்றன. அங்கே பி செல்கள் தம் எதிர்ப்பொருள் மரபணுவில் திடீர்மாற்றங்களை ஏற்று, கிருமியை இறுகப் பற்றுவதில் போட்டியிடுகின்றன. ஒவ்வொரு மையத்தையும் சில பி செல்களே தொடங்கிவைக்கின்றன என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது.

இதைச் சோதிக்க உதவிய கன்ஃபெட்டி எலியின் மரபணுத் தொகுதியில் நான்கு ஒளிர்புரதங்களுக்கான மரபணுக்கள் வரிசையாகச் செருகப்பட்டுள்ளன. க்ரீ என்ற நொதி டிஎன்ஏவை வெட்டியும் திருப்பியும் அவற்றில் ஏதோ ஒன்றை இயக்கிவிடுகிறது. எந்த நிறம் அமையும் என்பது தற்செயல். அமைந்தபின் அது அச்செல்லின் வழித்தோன்றல்களுக்கும் தொடரும். இரு குரோமோசோம்களிலும் இத்தொடர் இருந்தால் 10 நிறச் சேர்க்கைகள் கிடைக்கும். முளைமைய பி செல்களில் மட்டும் க்ரீ உருவாகும்படி செய்து, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் அதே டமாக்சிஃபென் மருந்தால் அதை வேண்டியபோது முடுக்கலாம்.

கேப்ரியல் விக்டோரா குழுவினர் 2016இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், பாதத்தில் ஊசி போட்ட எலிகளின் முழங்கால் மடிப்பு நிணநீர்க் கணுவை மல்டிபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்தனர். தொடக்கத்தில் எல்லா மையங்களும் பல நிறப் புள்ளிகளாகத் தெரிந்தன. நாளாக ஆக, சில மையங்களை ஒரே நிறம் ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பியது. அதே கணுவில் பக்கத்து மையம் பல நிறமாகவே இருந்தது. வேறு வேறு மூதாதைகளுக்கு ஒரே நிறம் அமையக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் எதிர்ப்பொருள் மரபணுக்களையும் வரிசைப்படுத்திச் சரிபார்த்தனர். ஒரு மையத்தைத் தொடங்குபவை பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கு வரையான மூதாதை செல்கள் என்பது இதில் தெரியவந்தது. பன்மை குறையாத மையங்களிலும் பற்றுவலிமை கூடியது இன்னும் வியப்பானது: ஒரே வெற்றியாளர் மிஞ்சினால்தான் தேர்வு நடந்தது என்ற எண்ணத்துக்கு அது ஒத்துவரவில்லை.

அதே குழு 2020இல் ஊக்க ஊசியை ஆராய்ந்தபோது, இரண்டாம் முறை உருவாகும் மையங்களில் இருப்பவை பெரும்பாலும் முன்பு எந்த மையத்திலும் இருந்திராத பி செல்களே என்று கண்டது. முதல் ஊசிக்குப் பின் எஞ்சிய நினைவு பி செல்களில் மிகச் சில வம்சங்களே மீண்டும் களமிறங்கியிருந்தன.