செப்புக்காசில் வந்த தேவியர்

மாமல்லபுரத்தில் கிடைத்த பழங்காசுகளுள் ஒன்று ரோமப் பேரரசன் தியோடோசியஸ் காலத்தது. அவன் ஆண்டது கி.பி. 379 முதல் 395 வரை. பல்லவர் இக்கரையில் பாறையைக் குடையத் தொடங்க இன்னும் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. அக்காலத்து ரோமச் சிறு செப்புக்காசு ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும். அதன் பின்பக்கத்தில் பல வேளைகளில் சிறகு விரித்த வெற்றித்தேவி விக்டோரியா நிற்பாள். தியோடோசியஸின் மனைவி ஏலியா ஃபிளாக்சில்லாவின் காசுகளில் ஒருபுறம் முடியணிந்த அரசி. மறுபுறம் கேடயத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறியைப் பொறிக்கும் அதே விக்டோரியா. மதம் மாறிய பேரரசும் பழைய தேவியை விட மனமில்லாமல் வைத்திருந்தது! இத்தகைய பெண்ணுருவங்கள் நம் கரையில் வணக்கத்துக்கோ வியப்புக்கோ உரியவையாக இருக்கவில்லை, வெறும் சில்லறையாகவே கைமாறின என்பது என் துணிபு.

ஒற்றைக் காசை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. மாமல்லபுரத்துக் காசு தனியாக நின்றால் மாலுமி ஒருவன் தவறவிட்டது என்று தள்ளிவிடலாம். ஆனால் கரூர் அமராவதி மணலிலும் மதுரை வைகை மணலிலும் இதே இனத்துப் பிற்கால ரோமச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து 1994-இல் தனி நூலே எழுதினார். இலங்கையில் கிடைத்தவை ஆயிரக்கணக்கில். பலவற்றில் முகமும் எழுத்தும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. கலைப்பொருளாகப் பெட்டியில் பூட்டி வைத்த காசு அப்படித் தேயாது. உள்ளூர் மக்களே அவற்றைப் பார்த்துப் போலிக்காசு அடித்ததும் நடந்தது. போதாத சில்லறைக்குத்தானே போலி அடிப்பார்கள்? செங்கல்பட்டுக் கடற்கரைக்கு ரோம வணிகம் புதிதுமன்று. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு ரோம மதுச்சாடிகளின் துண்டுகளை வெளிக்கொணர்ந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இலங்கையில் தாமரைமேல் நிற்கும் திருமகள் பொறித்த செப்புத் தகடுகள் கிடைக்கின்றன. ரோமத் தேவியைப் பார்த்துத்தான் அவளைத் தகட்டில் வைத்தார்கள் என்று வாதிடலாம். ஆனால் இருபுறமும் யானைகள் நீர் சொரியும் திருமகள், தியோடோசியஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே பார்ஹுத் சிற்பங்களில் இருக்கிறாள். மாமல்லபுரம் வராக மண்டபத்துக் கஜலட்சுமியும் அந்த மரபில் வந்தவளே, சிறகுமில்லை, கேடயமுமில்லை. ஆதிவராகக் குடைவரையில் பல்லவ மன்னர் இருவர் தத்தம் தேவியரோடு காட்சி தருகிறார்கள், ஒருவர் அமர்ந்தும் மற்றவர் நின்றும். அரசியைக் காட்டும் விருப்பம் பல்லவருக்கு இருந்தது. அதற்கு அவர்கள் தேர்ந்தது பாறை. ரோம உருவம் மனத்தில் பதிந்திருந்தால் அதன் தடம் முதலில் காசில் தெரிந்திருக்கும். பல்லவர் காசில் நாம் காண்பதோ காளை, சிலவற்றில் கப்பல்.