ராணுவக் காசும் ரெசிடென்சி டாக்டரும்

அமெரிக்காவில் அறுவை சிகிச்சை ரெசிடென்சி படிக்கிற நண்பர் மகன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, ராணுவம் வருஷத்துக்கு 45,000 டாலர் வரை தர்றேங்குது, மாசாமாசம் 2,000க்கு மேல தனியா. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்குது. கையெழுத்துப் போடலாமா? நீங்கதான் பழைய கதையெல்லாம் படிக்கிறவராச்சே"ன்னான்.

அவன் சொன்னது நிதி உதவித் திட்டம். எஃப்.ஏ.பி.ன்னு சுருக்கமா சொல்றாங்க. மருத்துவம் முடிச்சு, சிவிலியன் ஆஸ்பத்திரியில் சிறப்புப் பயிற்சி எடுக்கிற அமெரிக்கக் குடிமக்களுக்கானது. பயிற்சி முடிகிறவரை காசு வரும், யூனிஃபார்ம் தொல்லை அதிகம் இல்லை. முடிஞ்சதும், காசு வாங்கின வருஷங்களோடு இன்னொரு வருஷம் கூட்டி முழுநேர ராணுவ டாக்டரா வேலை செய்யணும்.

கணக்குப் போட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. கதை தெரியும். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க அரசு தன் செலவில் நிறையப் பேரை மருத்துவம் படிக்க வைத்தது. படிப்பு முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. பசங்க தப்பிச்சோம்டா சாமின்னு கிளினிக் திறந்து, கல்யாணம் பண்ணி செட்டில் ஆனாங்க. 1950இல் கொரியப் போர் வந்தது. செப்டம்பரில் டாக்டர்களுக்கென்றே தனியாக ஒரு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம். அதில் முதல் வரிசையில் யார் தெரியுமா? அரசு செலவில் படித்துவிட்டு, சேவையே செய்யாமலோ 90 நாளுக்கும் குறைவாகச் செய்துவிட்டோ போனவர்கள். அஞ்சு வருஷம் கழிச்சும் அரசாங்கம் கடனை மறக்கலை. 'மாஷ்' சீரியல் பார்த்தவர்களுக்கு அந்தக் கொரியா கூடாரங்கள் ஞாபகம் இருக்கும்.

ஆனால் பயிற்சியின் நடுவில் டாக்டரைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியும் தடுமாறும், ராணுவத்துக்கும் அரைகுறை டாக்டர்தான் கிடைப்பார். அதனால் 1954இல் பெர்ரி திட்டம் வந்தது. பாதுகாப்புத் துறையில் மருத்துவப் பொறுப்பில் இருந்த ஃப்ராங்க் பெர்ரி பெயரில். "இப்ப படிப்பை முடிச்சுக்கோ, அப்புறம் ரெண்டு வருஷம் வா" என்பதுதான் சாரம். காசு கிடையாது, அவகாசம் மட்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. ராணுவத்துக்குப் பதில் பொதுச் சுகாதாரச் சேவையில் சேர்ந்தாலும் கணக்கில் வரும். வியட்நாம் காலத்தில் தேசிய சுகாதார ஆய்வு மையத்தில் இடம் பிடிக்க அடிதடி. கிடைத்தவர்களை 'மஞ்சள் தொப்பிகள்' என்று கிண்டல் செய்தார்கள். 1968இல் அப்படி உள்ளே போனவர்களில் பிரவுன், கோல்ட்ஸ்டீன், வார்மஸ், லெஃப்கோவிட்ஸ் என நாலு பேர் பின்னால் நோபல் பரிசு வாங்கினார்கள். கட்டாயத்திலும் சிலருக்கு ராஜயோகம்!

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ஹோவர்டு லெவி என்று ஒரு தோல் டாக்டர். பெர்ரி திட்டத்தில் சேர்ந்து படிப்பை முடித்துவிட்டு, தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சனுக்கு வந்தார். அதற்குள் வியட்நாம் போர் சூடு பிடித்துவிட்டது. சிறப்புப் படை வீரர்களுக்குத் தோல் வைத்தியம் கற்றுக்கொடு என்று உத்தரவு. அது மருத்துவ தர்மத்துக்கே விரோதம் என்று மறுத்தார். 1967இல் ராணுவ நீதிமன்றம் மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1974இல் அங்கேயும் தோற்றார். கையெழுத்துப் போட்ட நாளில் அவர் மனசில் இந்தப் போரே இருந்திருக்காது.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. இனி டாக்டரை எப்படிப் பிடிப்பது? 1972இலேயே விடை தயார். லூசியானா எம்.பி. எட்வர்ட் ஏபேர் முன்னின்று கொண்டுவந்த சட்டம், ராணுவத்துக்கென்று ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் மருத்துவ மாணவர்களுக்கான உதவித்தொகையையும் உருவாக்கியது. ரெசிடென்சிக்கான நிதி உதவி அதன் பின்னால் வந்தது. முன்னே சட்டம் இழுத்தது, இப்போ படிப்புக் கடன் தள்ளுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பையன் கேட்டான்: "அப்ப வேண்டாங்கறீங்களா?"

அப்படிச் சொல்ல மாட்டேன். ராணுவத்தில் மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் கட்டவேண்டாம், நோயாளிகிட்ட பில் பத்திப் பேசவேண்டாம். ராணுவ வாழ்க்கை பிடிச்சிருந்தா நல்ல வாழ்க்கைதான். ஆனா காசு வர்ற காலமும் கடமை வர்ற காலமும் வேற வேற. 2000இல் அமைதியா இருந்த உலகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு டாக்டர், 2003இல் ஈராக் போரைப் பார்த்திருப்பார். அதுவும் போக, ராணுவத்தில் புதுசா சேர்றவங்களுக்குப் பொதுவா ரிசர்வ் காலமும் சேர்த்து மொத்தம் 8 வருஷக் கட்டு உண்டு.

அதனால அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொன்னேன். "தம்பி, இந்தக் காசே இல்லேன்னாலும் ராணுவத்துல சேருவியான்னு உன்னையே கேட்டுக்கோ. உனக்குப் பிடிக்காத ஒரு போருக்கு, பிடிக்காத வருஷத்துல கூப்பிட்டாலும் போவியான்னு கேட்டுக்கோ. ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா போடு. கடன் மட்டும்தான் காரணம்னா, கடனை அடைக்க வேற வழி இருக்கு. கையெழுத்தைத் திரும்ப வாங்கத்தான் வழி இல்லை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முதல் கேள்விக்கே பதில் தெரியலை மாமா"ன்னான்.

தெரியிற வரைக்கும் பேனாவைத் தொடாதேன்னு சொல்லி வச்சேன்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, ராணுவமும் இல்லை :-) விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கவும். அந்தப் பக்கம் இருக்கிற டாக்டர் நண்பர்கள் பின்னூட்டத்தில் உங்க அனுபவத்தைச் சொன்னால் பையனுக்கு அனுப்பி வைக்கிறேன்.