மிட்டூவும் எழுபது ராத்திரியும்

எதிர் ஃப்ளாட் மாதாஜி வீட்டுச் சாவி 2023 மே மாதம் பத்து நாள் எங்களிடம் இருந்தது. லக்னோவில் அவங்க தங்கை பேத்திக்குக் கல்யாணம். சாவியோடு கூடவே ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. பேர் மிட்டூ, வயசு பதினேழு. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம்.

"ஒண்ணும் கஷ்டமில்லை பேட்டா. காலையில ஊறவெச்ச கடலை, ஒரு பச்சை மிளகாய், தண்ணி. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் தங்கமணிதான் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல். முதலில் லேசாக ஒரு இருமல், அப்புறம் "ஆ கயே?" (வந்தாச்சா?). சாவியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். ஆளில்லாத வீட்டில் கிழவர் குரல் கேட்டால் மயூர் விஹாரில் இருந்தால் என்ன, மதுரையில் இருந்தால் என்ன, ஓட வேண்டியதுதானே. நான் வீரமாகப் போய்ப் பார்த்தேன் (மகளை முன்னால் விட்டு, ஹிஹி). பேசியது மிட்டூ.

அது பாபுஜியின் குரல் என்று பிறகு மாதாஜி போனில் சொன்னார். பாபுஜி போய் ஏழு வருஷமாகிவிட்டது. மாதாஜி பால் வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருமிவிட்டு அப்படித்தான் கேட்பாராம்.

மூணாம் நாள் காலையில் கூண்டுக்குக் கீழே நிறைய இறகு கிடந்தது. நெஞ்சுப் பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. கடலையில் பாதி அப்படியே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பறவை வைத்தியரிடம் ஓடினேன். தண்ணி, தீனியெல்லாம் சரிதான் சார், பிரச்சினை தனிமை என்றார். காட்டில் கிளிகள் கூட்டமாகத் திரியும், ராத்திரி ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் அடையும். வீட்டில் நாம்தான் அதுக்குக் கூட்டம். திடீரென்று கூட்டமே காணாமல் போனால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். இன்னும் சில விஷயமும் சொன்னார். மே மாத வெயிலில் ஊறின கடலையும் வெட்டின பழமும் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும், எடுத்துப் போட்டுவிட வேண்டும். தண்ணிக் கிண்ணம் ரெண்டு வைக்கணும், ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் இன்னொன்று இருக்கும். கூலர் காத்து நேரே படக்கூடாது. சாக்லேட், அவகாடோ ஆகவே ஆகாது. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் கிளம்பும் புகை, நமக்குத் தெரிகிற முன்னால் கிளியைக் கொன்றுவிடும். மிளகாய் மட்டும் பரவாயில்லை, அந்தக் காரம் பறவைகளுக்கு உறைக்காதாம்!

அன்றைக்கே கூண்டை எங்கள் வீட்டு ஹாலுக்குத் தூக்கி வந்துவிட்டோம். ராத்திரி மேலே ஒரு பழைய வேட்டி. அதுக்கப்புறம் தூக்கம் வராமல் நான் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

வீட்டுக்காரர் ஊருக்குப் போக, வீட்டில் தங்கிவிட்ட கிளி. யோசித்துப் பார்த்தால் இந்த நாட்டில் எத்தனை கதை இதை வைத்தே பின்னியிருக்கிறார்கள்! சமஸ்கிருதத்தில் சுகசப்ததி, அதாவது கிளி சொன்ன எழுபது கதை. வியாபாரி வெளியூர் போகிறான். மனைவி பிரபாவதியும், ஒரு கிளியும் ஒரு மைனாவும் வீட்டில். அவளுக்கு இன்னொருத்தன் மேல் ஆசை வந்து ராத்திரியில் கிளம்புகிறாள். மைனா "போகாதே, தப்பு" என்று நேரடியாகச் சொல்லி அவள் கோபத்துக்கு ஆளாகிறது. கிளி விவரமான ஆள். "தாராளமா போ. ஆனா மாட்டிக்கிட்டா இன்னாரை மாதிரி தப்பிக்கத் தெரியுமா?" என்று ஒரு கதையைத் தொடங்கும். யாரை மாதிரி என்று கேட்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். இப்படியே எழுபது ராத்திரி. புருஷன் திரும்பி வந்தாச்சு. நம்ம ஊர் மெகாசீரியல் டைரக்டர்களுக்கெல்லாம் குரு இந்தக் கிளிதான்.

இது பாரசீக மொழிக்குப் போன இடம் டெல்லிக்குக் கிழக்கே இருக்கும் பதாயூன். மத்திய ஆசியாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய ஜியாவுத்தீன் நக்ஷபி, 1330 வாக்கில் 'தூதிநாமா' என்று எழுதினார். தூதி என்றால் கிளி. எழுபது ராத்திரி ஐம்பத்திரண்டாகச் சுருங்கிவிட்டது. அக்பர் 1556-ல் பட்டத்துக்கு வந்தபோது வயசு பதின்மூன்று. அவருக்காக முதல் சில வருஷங்களிலேயே தயாரான படப் புத்தகங்களில் தூதிநாமாவும் ஒன்று. அதன் பெரும்பகுதி இப்போது அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் படங்களைப் பார்க்கலாம். புத்தி சொன்ன மைனாவை அந்தப் பெண் கொல்லும் படமும் உண்டு. அதை மட்டும் மகளுக்குக் காட்டவில்லை.

இன்னொன்று மாதாஜி ஊர்ப்பக்கத்துக் கதை. மாலிக் முகமது ஜாயசி 1540-ல் அவதி மொழியில் எழுதிய பத்மாவத். அதில் ஹீராமன் என்று ஒரு கிளி. சித்தூர் ராஜா ரத்தன்சேன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து ராணி நாகமதி அதனிடம், என்னைவிட அழகி உண்டா என்று கேட்டு வைக்கிறாள். அது பத்மாவதி பேரைச் சொல்லித் தொலைக்க, கொன்றுவிடு என்று தாதியிடம் கொடுத்துவிடுகிறாள். தாதி ராஜாவுக்குப் பயந்து ஒளித்து வைக்கிறாள். ராஜா திரும்பி வந்ததும் கேட்கும் கேள்வி, கிளி எங்கே? எல்லாக் கதையிலும் எஜமான் இல்லாத வீடு கிளிக்கு ஆபத்தான வீடு. இதைக் கவனித்தபோது எனக்குத் தூக்கம் போயே போச்சு.

வெளிநாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் தெசியாஸ், கி.மு. 400 வாக்கில், இந்தியாவில் ஒரு பறவை இந்திய மொழி பேசும், கிரேக்கம் சொல்லிக் கொடுத்தால் அதையும் பேசும் என்று எழுதினார். (ஐயா இந்தியாவுக்கு வந்ததே கிடையாது!) கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கழுத்துவளையப் பச்சைக் கிளிக்கு மண்டை கெட்டி, பேச்சுச் சொல்லித் தரும்போது இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும் என்று குறித்து வைத்தார். நம்ம காமசூத்திரத்தின் அறுபத்து நான்கு கலைகளில் கிளிக்கும் மைனாவுக்கும் பேசப் பழக்குவது ஒரு கலை. கம்பி பற்றி அதில் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் பக்கம் கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் நிஜமாகவே கூண்டுகளில் கிளிகள் இருந்தன. மீனாட்சி பேரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். பாட்டி கதை கதையாகச் சொல்வாள். ராத்திரி நடை சாத்தினபிறகு அதுங்க என்ன பண்ணும் பாட்டி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலிலேயே உண்டு. 1991 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் அடைத்து வைப்பதும் குற்றம். 2022-ல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு ஏறியது. சிறை, அபராதம் எல்லாம் உண்டு. கடையில் விற்கிற பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாக்காரர்கள், அவங்க கதை வேறு. ஆக, அமலுக்கு வந்து ரெண்டு மாசம்கூட முழுசாக ஆகாத சட்டத்தை மீறி எங்கள் ஹாலில் ஒரு பச்சைக்கிளி, பாபுஜி குரலில் இருமிக்கொண்டிருந்தது.

சரி, திறந்து விட்டுவிடலாமா? வைத்தியர் கையெடுத்துக் கும்பிட்டார். பதினேழு வருஷம் கிண்ணத்தில் தின்றது, இரை தேடத் தெரியாது, பூனைக்கும் பருந்துக்கும் பயப்படத் தெரியாது, ரெண்டு நாள் தாங்காது. முறைப்படி வனத்துறையிடம் ஒப்படைக்கலாம் என்றார். அடுத்தவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனதை எப்படி ஒப்படைப்பது?

அடுத்த வாரம் முழுக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் செய்தாள். மிட்டூ தின்ன ஆரம்பித்தது. அந்த ரூபாய் அளவு பெரிசாகவில்லை, சிறிசாகவும் இல்லை. நான் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் மட்டும் ஒன்றும் கேட்காது. தலையைச் சாய்த்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

பத்தாம் நாள் மாதாஜி வந்தார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்தான் கேட்டது. உள்ளேயிருந்து இருமல், "ஆ கயே?"

"ஹாங் ஜி, ஆ கயீ" என்றார் மாதாஜி. சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே முழுசாகக் கேட்டார். "அவங்க வந்து கேட்டா கொடுத்துடறேன் பேட்டா. நானா எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது?" பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அங்கே விமானத்திலோ ரயிலிலோ மிட்டூவைக் கொண்டுபோக வழியில்லை. லக்னோவுக்கும் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவர் போகவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு மொய்ப்பணம் மட்டும் அனுப்பினார்.

இந்த மே லீவுக்கு நாங்கள் பதினைந்து நாள் மதுரை போகிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. எங்கள் வீட்டுச் சாவி மாதாஜியிடம். பால்கனித் துளசிக்கு அவர் தண்ணி விடுவார்.