ஆலைக்கு முன் பிறந்த கல்லூரி

பொறியியல் பட்டதாரிகள் தொழில்துறைக்குப் பயன்படுவதில்லை என்ற குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆலைகள் கேட்பதைக் கல்லூரிகள் கற்பித்தால் போதும் என்பதே இதற்குச் சொல்லப்படும் தீர்வு. அது போதுமா என்பதைச் சென்னையின் இரு கல்லூரிகளை முன்வைத்துப் பார்ப்போம்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794-இல் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. கும்பினி ஆட்சிக்கு நிலத்தை அளக்க ஆட்கள் வேண்டியிருந்தது. பள்ளி அவர்களை அளித்தது. 1859-இல் அது கட்டுமானப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தபோதும், சாலையும் பாலமும் பாசனமும் கவனித்த அரசுத் துறைக்கு ஆட்களைத் தருவதே அதன் முதன்மைப் பணி. தேவை முன்னே நடந்தது. கல்வி அதைப் பின்தொடர்ந்தது.

1949-இல் குரோம்பேட்டையில் பிறந்த எம்.ஐ.டி. இந்த வரிசையை மாற்றியது. அதை நிறுவியவர் சி. ராஜம். (பழந்தமிழ் நூல்களின் மலிவுப் பதிப்புகளால் நாம் அறிந்த மர்ரே எஸ். ராஜம் வேறு.) தம் மாளிகையை விற்ற பணத்தை இவர் கல்லூரிக்கு முதலாக்கினார். விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கே பிரிவுகள். அறிவியலில் பட்டம் பெற்றோர் அங்கே மேலும் மூன்றாண்டுகள் பயின்றனர்.

அந்நாளில் இவர்களுக்குக் காத்திருந்த ஆலைகள் எத்தனை? பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவப்பட்டது 1954-இல், இஸ்ரோ 1969-இல்.

அங்கே விமானவியல் பயின்ற அப்துல் கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1980-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அங்கே மின்னணுவியல் பயின்ற ரங்கராஜன், நம் சுஜாதா, விமானப் போக்குவரத்துத் துறையில் நெடுநாள் பணியாற்றிய பின்பே பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கு வந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. படித்ததற்கேற்ற பணி உடனே வாய்க்கவில்லை. எனினும் படிப்பு வீணாகவில்லை.

இரு மேதைகளை வைத்து ஒரு கல்விமுறையை எடைபோடலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வேலைக்காக ஏங்கி நிற்கும் இளைஞனிடம் இருபதாண்டு பொறுத்திரு என்று சொல்வதும் அறமாகாது. ஆனால் ஆலை இன்று கேட்பது இன்றைய இயந்திரத்துக்கான ஆளை; மாணவனோ இன்னும் நாற்பதாண்டு உழைக்க வேண்டியவன். அந்த இயந்திரம் ஓய்ந்த பின்னும் அவனுக்குக் கைகொடுப்பது அடிப்படை அறிவியலே. ராஜம் பட்டதாரிகளைத் தேடிச் சேர்த்ததன் பயனை நாம் அங்கேதான் காண்கிறோம்.