சோம்பேறி வாயுவும் குளிர்ந்த தண்ணீரும்

டிசம்பர் வந்தால் தில்லியில் பரணிலிருந்து ரஜாய் இறங்கிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்த நம்மவர்கள் முதல் குளிரிலேயே ஒரு பாடம் படித்துவிடுவார்கள்: தடியான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிசாக இரண்டு மூன்று உடுப்பு மேல். நடுவில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. துணியின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது, அவ்வளவுதான். இதையே தண்ணீருக்கடியில் செய்து பார்த்தவர்களின் கதை இது.

தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் குளிர்நீரில் முக்குளிப்பவர்கள் 'ட்ரை சூட்' போடுகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாது. உள்ளே கம்பளி உடுப்பு. ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் சூட் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க வால்வைத் திறந்து கொஞ்சம் வாயு விடவேண்டும். சாதாரணமாக, முதுகிலிருக்கும் சுவாச சிலிண்டரிலிருந்தே விடுவார்கள்.

ரொம்ப ஆழத்தில்தான் சிக்கல். அங்கே காற்றிலுள்ள நைட்ரஜன் போதை ஏற்றும். அதற்காக ஹீலியம் கலந்து சுவாசிக்கிறார்கள். ஹீலியமோ காற்றைப்போல சுமார் 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதை சூட்டுக்குள் விட்டால் ரஜாய் போர்த்தியும் போர்த்தாத கதைதான். ஆக, சூட்டுக்கென்று தனியாக ஒரு குட்டி சிலிண்டர் தேவைப்பட்டது. தனி சிலிண்டர்தான் என்றான பிறகு, அதில் காற்றையே ஏன் அடைக்கவேண்டும்?

இங்கேதான் ஆர்கான் வருகிறது. 1785-ல் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலிருந்து ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் நீக்கிப் பார்த்தார். 120-ல் ஒரு பங்குக்கும் மிகாத ஒரு குமிழி மட்டும் எதோடும் சேராமல் மிஞ்சியது. அது என்ன என்று தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிமுறையில் தயாரித்த நைட்ரஜனைவிட சுமார் அரை சதவீதம் கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். 1894-ல் அவரும் வில்லியம் ராம்சேயும் காரணத்தைக் கண்டுபிடித்து, கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1904-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தச் சோம்பேறி வெப்பத்தைக் கடத்துவதிலும் மந்தம்தான். காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 1990களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வகுல்லா நீரூற்றின் குகைகளை ஆராய்ந்த குழுவினர் சூட்டுக்கு ஆர்கானைப் பயன்படுத்தினார்கள். அங்கே தண்ணீர் சுமார் 20 டிகிரிதான். ஆனால் மேலே வரும்போது பல மணி நேரம் நின்று நின்று வரவேண்டுமே! அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஆர்கான் சிலிண்டர் கட்டிக்கொண்டார்கள். கதகதப்பாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை.

ஆனால் உள்ளே என்ன வாயு என்று தெரியாமலே முங்கினால்? 2001-ல் நார்வேயின் ரிஸ்பெர்க், ஹோப் இருவரும் அப்படித்தான் சோதித்தார்கள். ஆர்கானுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2013-ல் நெதர்லாந்து கடற்படை முக்குளிப்பவர்களை 13 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. இத்தனைக்கும் 2008-ல் அமெரிக்காவில் நக்கல்ஸ் குழு அளந்தபோது, ஆர்கான் நிரப்பிய உடையின் வெப்பக்காப்பு கூடத்தான் செய்தது.

அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் சூட்டுக்குள் ஏற்கனவே இருக்கும் காற்றைத் திரும்பத் திரும்ப வெளியேற்றினால்தான் ஆர்கான் உண்மையிலேயே நிறையும். கம்பளி இழைகளும் தம் பங்குக்கு வெப்பத்தைக் கடத்தும். தலையும் கையும் எப்படியும் குளிரும். போகிற வழியில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது.

இதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஆர்கான் சிலிண்டரில் ஆக்ஸிஜன் துளியும் கிடையாது. தவறி அதைச் சுவாசித்தால் மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். தண்ணீருக்கடியில் மயக்கம் என்றால் மரணம்தான். அதனால்தான் விவரமறிந்தவர்கள் அந்தச் சிலிண்டரில் வாயில் வைக்கும் கருவியையே மாட்டுவதில்லை.

ஹீலியத்தை சூட்டுக்குள் விடாமலிருப்பதுதான் பெரிய லாபம். அதற்குச் சாதாரணக் காற்றே போதும். மிச்சத்தை நல்ல கம்பளி உடுப்பு பார்த்துக்கொள்ளும்.