பழைய ஃபோர்டும் ஒரு பேட்டரி சுவிட்சும்

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்தானே, கடையில கிடைக்கிறத வாங்கி நெகட்டிவ் பக்கம் மாட்டினா போச்சு - இப்படித்தான் பலரும் சொல்வாங்க. பழைய வண்டின்னா, அது எந்த வருஷத்து வண்டின்னு முதல்ல கேக்கணும். உதாரணத்துக்கு அமெரிக்காவோட ஃபோர்ட் எஃப்-100 பிக்கப்பை எடுத்துக்குவோம்.

1912ல காடிலாக் காரில் கெட்டரிங் உருவாக்கின மின்சார ஸ்டார்ட்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கைப்பிடி போட்டு சுத்தணும், இன்ஜின் திருப்பி அடிச்சா கை ஒடையும். பிறகு பல வருஷம் அங்க 6 வோல்ட்தான் வழக்கம். 1953ல வந்த முதல் எஃப்-100லயும் அதேதான். அதுவும் பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடியோட சேர்ந்திருக்கும். இன்ஜினில் கம்ப்ரெஷன் ஏற ஏற, 6 வோல்ட் திணற ஆரம்பிச்சுது. 1956 மாடலில் ஃபோர்ட் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்துக்கு மாறிட்டாங்க.

இந்த மூணு வருஷ வித்தியாசம்தான் சுவிட்சை முடிவு பண்ணுது. வோல்ட் பாதின்னா, அதே ஸ்டார்ட்டர் வேலைக்கு ஆம்பியர் ரெண்டு மடங்கு. சுவிட்சுக்குள்ள 0.001 ஓம் தடை இருக்குன்னு வைங்க. 12 வோல்ட் வண்டி 150 ஆம்பியர் இழுத்தா நஷ்டம் 0.15 வோல்ட், அதாவது 1.25 சதவீதம். 6 வோல்ட் வண்டி 300 ஆம்பியர் இழுக்கும், நஷ்டம் 0.3 வோல்ட், 5 சதவீதம். நாலு மடங்கு! மலிவான சுவிட்சை 12 வோல்ட் வண்டி பொறுத்துக்கும், 6 வோல்ட் வண்டி காலையில முனகும்.

அடுத்தது, எந்தப் பக்கம் மாட்டறது? எர்த் பக்கம்தான். அப்பதான் சுவிட்சை அணைச்ச பிறகு ஸ்பேனர் தவறி பாடியில பட்டாலும் பொறி பறக்காது. 1955 வண்டியில எர்த் பக்கம்னா பிளஸ். 'எப்பவும் நெகட்டிவ்ல போடு'ங்கிற அறிவுரை இங்க செல்லாது.

மூணாவது, ஆல்டர்னேட்டர். 1960ல கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் கொண்டுவந்த பிறகு டைனமோவோட காலம் முடிய ஆரம்பிச்சுது. பழைய வண்டியிலும் பின்னால ஆல்டர்னேட்டர் மாட்டியிருப்பாங்க. அப்படின்னா, இன்ஜின் ஓடும்போது சுவிட்சை அணைக்கவே கூடாது. வோல்ட் சட்டுனு எகிறி டையோடு போயிடும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, ஆமாங்க. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போற தடிமனான கேபிளில் ஃபியூஸ் கிடையாது. அது உரசித் தேய்ஞ்சு பாடியில பட்டா, நிறுத்தி வச்ச வண்டியே தீப்பிடிக்கும். அதனால சுவிட்ச் வாங்கும்போது விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி, தொடர்ந்து எத்தனை ஆம்பியர், ஸ்டார்ட் பண்ற சில நொடிக்கு எத்தனை ஆம்பியர் தாங்கும்னு ரெண்டையும் பாருங்க.